ரெஸ்ட்ல இருங்க, கூப்புடுறோம்

1

போன மாதம் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், எங்கள் கிடங்கின் பிரிவுத் தலைவி என்னைத் தன் அறைக்கு அழைத்து ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஜெர்மனியில் கடிதம் என்றாலே எனக்குப் பயம். இந்த நாட்டில் நல்ல செய்தியை வாயால் சொல்வார்கள். மற்றதெல்லாம் தாளில்தான் வரும். வீட்டு வாடகை ஏறினாலும் தாள், குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டாலும் தாள். வந்து ஐந்து வருடமாகிறது, இன்னும் தபால் பெட்டியை நாளைக்குத் திறக்கலாம் என்று ஒரு நாள் தள்ளிப்போடுகிறேன்.

நான் வேலை செய்வது ஷூ இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில். கப்பலில் வரும் பெட்டிகளைப் பிரித்து, தையல் சரியா, தோலில் கீறல் உண்டா என்று பார்த்து, தேறியதையும் தேறாததையும் பிரிப்பது என் வேலை. கடைகளில் விற்பனை மந்தம், பெட்டி வருவது குறைந்துவிட்டது, ஆகவே இனி ஆறு மாதத்துக்கு எனக்கு வாரத்தில் பாதி நாட்கள்தான் வேலை என்றது கடிதம். அதற்கு இங்கே 'குர்ஸ்ஆர்பைட்' என்று பெயர். குறைவேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தவன். இந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். இதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு சொல் உண்டு. அது இங்கிலீஷ் சொல்தானே, இவர்களுக்கும் புரியும் என்ற குருட்டு நம்பிக்கையில், எனக்குத் தெரிந்த ஜெர்மனைக் கூட்டிக் கேட்டேன். "இஷ் பின் ரெஸ்ட்?" அதாவது, நான் இனிமேல் ரெஸ்ட்டா?

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாக, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, நீங்கள் ரெஸ்ட் இல்லை, உங்களை விட்டுவிட்டால் நாளைக்கு ஆர்டர் வரும்போது உங்களைப் போல ஒரு ஆளை எங்கே போய்த் தேடுவது என்றார். குறையும் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே ஈடு கட்டும், கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார். அவர் முகத்தில் ஏன் அவ்வளவு பரிதாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். நிலாவுக்குப் பத்து வயது. ஐந்து வயதில் கூட்டி வந்தோம். இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் படித்துச் சொல்கிறாள், கோபம் வந்தால் ஜெர்மனில்தான் திட்டுகிறாள். நான் சொன்னதைக் கேட்டுச் சோபாவில் விழுந்து சிரித்தாள். "அப்பா, ரெஸ்ட்னா மிச்சம். தட்டுல சாப்பிடாம வெச்சிட்டுப் போறது. நீ போய் அவங்ககிட்ட 'நான் மிச்சமா?'ன்னு கேட்டிருக்க."

என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சாப்பிட உட்கார்ந்து, பாதித் தட்டை மிச்சம் வைத்து எழுந்துவிட்டேன். அந்தச் சொல்லை நான் ஒரு நாள் அறுபது பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருத்தி என் கூடப் பிறந்த அக்கா.

2

வெளியூர்க்காரர்களுக்காக அந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் நோட்டீஸ் தர வேண்டும், சட்டப்படி செய்ய வேண்டியதெல்லாம் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக ரெஸ்ட்டில் விடுவார்கள். "ரெஸ்ட்ல இருங்க, கூப்புடுறோம்." அவ்வளவுதான். தாள் இல்லை, கையெழுத்து இல்லை. வேலை போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. மழைக்காலத்தில் பத்து நாள், பண்டிகைக்கு முன்னால் இரண்டு வாரம் என்று விட்டு, சொன்னபடி கூப்பிட்டும் இருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சொல்லின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏமாற்றுகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஏமாற்றுவதில்லை. பத்து முறை நாணயமாக நடந்துவிட்டு, பதினோராவது முறை ஏமாற்றுவார்கள்.

ஐரோப்பாவில் ஜனங்கள் ஷூ வாங்குவதை நிறுத்திய வருடம், ஆறு வருடம் முன்பு, அந்தப் பதினோராவது முறை வந்தது. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றுபோயின. நான் அப்போது கம்பெனியில் நேரம் அளக்கும் பிரிவில் இருந்தேன். கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, ஒரு அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, தைக்க எத்தனை விநாடி, மடித்து ஒட்ட எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டே இருப்பது என் உத்தியோகம். பெண்களுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. கடிகாரக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார். ஒரு லைனில் நாற்பது பேர், அந்த மாதிரி ஐந்து லைன். இந்த நாற்பது பேர் வேலையை எவ்வளவு குறைந்த ஆளை வைத்து ஓட்ட முடியும் என்று ஒரு கணக்குச் சீட்டு போட்டுத் தரச் சொன்னார். நான் தயங்கியதைப் பார்த்து, "டெம்ப்ரரிதான்பா. மூணு மாசம் தம் கட்டணும். ஆர்டர் வந்தா பழையபடி நாப்பதுதான்" என்றார்.

நான் நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் நம்பினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து போட்டேன். மடிப்பவளே ஒட்டட்டும், ஒட்டுபவளே சுத்தியால் தட்டட்டும், பெட்டி தூக்குகிறவள் நூலும் வெட்டட்டும் என்று ஒவ்வொரு வேலையையும் இன்னொன்றின் தலையில் ஏற்றினேன். இருபத்தெட்டுக்கு வந்தது. நல்ல சீட்டு. கர்வமாகக்கூட இருந்தது. கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

லைனுக்குப் பன்னிரண்டு பேர் வெளியே. யார் உள்ளே இருப்பது என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டுமே. மூன்று நான்கு வேலை தெரிந்தவர்கள் இருக்கட்டும், ஒரே வேலை தெரிந்தவர்கள் ரெஸ்ட்டில் போகட்டும் என்று முடிவானது. என் அக்கா வசந்தாவுக்குத் தெரிந்தது ஒரே வேலை. வெளியே தெரியும் தையல், அதாவது ஷூ வாங்குகிறவன் கண்ணில் முதலில் படும் இரட்டைத் தையல். பதினாலு வருடமாக அதை மட்டுமே தைத்தவள். அந்தக் கம்பெனியில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவ்வளவு நன்றாகத் தைத்ததால்தான் அவளை வேறு மெஷினுக்கு மாற்றவே இல்லை. வேலையில் கெட்டிக்காரியாக இருந்ததே அவளுக்கு வினையாகிவிட்டது.

சீட்டில் உள்ளே இருப்பவர்கள் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க எனக்கு ஒரு பேனா போதும். சேர்க்கவில்லை. அக்கா பேரை மட்டும் வைத்துக்கொண்டான் என்று ஊர் பேசும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பயந்தேன். என் நேர்மையைக் காட்ட எனக்கு அக்காதான் கிடைத்தாள். என்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து, என்னையே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வேன் ஏறும் இடத்தில் அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். "மூணு மாசம்தான்க்கா, நீ வேற எங்கயும் போய்டாத" என்றேன்.

"நீயே சொல்றியே, அப்புறம் இன்னா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

3

அந்தச் சீட்டுதான் என்னை இங்கே கொண்டுவந்தது. எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனியின் ஆள் ஒருவர் ஆம்பூருக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று விசாரித்தார். அப்புறம் மெயில், நேர்காணல், விசா. சொந்தக்காரர்களிடம் என் படிப்புக்குக் கிடைத்த வேலை என்று சொல்லிக்கொண்டேன். ஆறு மாத ஜெர்மன் வகுப்பில் ஒரு பாதிரியார் மாதிரி இருந்த வாத்தியார், உங்கள் தொழில் என்ன என்று கேட்டு எழுதச் சொன்னபோது 'நேரம் அளப்பவன்' என்று எழுதினேன். ஏதோ கவிதை எழுதியிருக்கிறேன் என்று நினைத்து அவர் கைதட்டினார்.

இங்கே என் நாட்கள் சுருக்கமானவை. காலையில் ட்ராம், கிடங்கு, மதியம் டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதம், சாயங்காலம் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்து வருவது. அவள் தோழிகள் எதிரில் வந்தால் இரண்டடி தள்ளி நடப்பாள். நான் தமிழில் சத்தமாகப் பேசிவிடுவேன் என்று பயம். ஒரு தடவை பள்ளியில், அப்பா ஊரில் என்ன செய்தார் என்று கேட்டதற்கு, 'சீக்கிரம் வேலை செய்யுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார்' என்று எழுதியிருந்தாள். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் தப்பாக ஒன்றும் எழுதவில்லை.

நான் இங்கு வந்து ஒரு வருடத்துக்குள் ஆம்பூர்ப் பெட்டிகள் திரும்ப வரத் தொடங்கின. ஒரு பெட்டியைப் பிரித்தால் எங்கள் கம்பெனியின் பசையும் தோலும் கலந்த வாசனை குப்பென்று அடிக்கும். உள்ளே லைன் நம்பர் போட்ட துண்டுச்சீட்டு இருக்கும். முதலில் வாரத்துக்கு ஒரு லாரி. பிறகு இரண்டு. அப்புறம் மந்தத்துக்கு முன்னால் வந்த அளவே வந்துவிட்டது. நான் ஞாயிறுதோறும் அக்காவுக்குப் போன் போட்டு அதைச் சொல்வேன். ஆர்டர் ஏறிவிட்டது அக்கா, என் கண்ணாலேயே பார்க்கிறேன், இனி எந்த நாளும் கூப்பிடுவார்கள்.

அவள் பேரணாம்பட்டில் வீட்டிலிருந்தே பீடி சுற்றத் தொடங்கியிருந்தாள். பீடி ஏன் என்றால், வீட்டில் இருக்கலாம், போன் வந்தால் எடுக்கலாம். கம்பெனி ரிஜிஸ்டரில் இருந்த நம்பருக்காகவே ஒரு பழைய பட்டன் போனை உயிரோடு வைத்திருந்தாள். வேறு கம்பெனியில் சேர்ந்தால் பி.எஃப். நம்பரில் தெரிந்துவிடும், அவளாகவே போய்விட்டாள் என்று எழுதிவிடுவார்கள், பதினாலு வருட சர்வீஸ் போய்விடும். இதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மேதாவி நான்தான். பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய ஷூ கம்பெனி வந்தபோது முப்பத்தைந்து வயதுவரை எடுத்தார்கள். அவளுக்கு அன்றைக்குச் சரியாக முப்பத்தைந்து. கொஞ்சம் பொறு என்றேன். பொறுத்தாள். அடுத்த பிறந்தநாளோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

குடியாத்தத்தில் தறி ஓட்டும் மாமா, அதாவது அவள் புருஷன், என்னிடம் கிண்டலாகச் சொல்வார்: "அரசனை நம்பிப் புருசனக் கைவிட்ட கதைதான் மாப்ள உங்கக்கா கதை. நான் ஒரு புருசன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், அவ அந்தக் கம்பெனிக்காரன் போனுக்கு உக்காந்துகினு இருக்கா."

சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

4

கடிதம் வந்த மறுநாள் எனக்கு வேலையில்லாத முதல் நாள். பாதி நாள் வேலை என்றால் மீதிப் பாதியில் யோசனை வரும். ஆர்டர் முழுசாக வந்த வருடங்களில் அந்த அறுபது பேரை ஏன் கூப்பிடவில்லை? இந்தக் கேள்வியை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கலாம். கம்பெனியில் டிஸ்பேட்ச்சில் இருக்கும் அன்வர் என் பழைய தோஸ்த். ஒரு போன் போட்டால் சொல்லியிருப்பான். போடவில்லை. பதில் என்னவாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அன்றைக்குப் போட்டேன்.

"எதுக்குக் கூப்புடப் போறாங்க தோஸ்த்?" என்றான் அன்வர். "நீ போட்ட சீட்டு நல்லா ஓடிச்சு. இருபத்தெட்டு பேர்லயே நாப்பது பேர் வேல ஆவுது. ஆர்டர் ஜாஸ்தி ஆனா ஓவர்டைம். அதுவும் பத்தலன்னா கான்ட்ராக்ட்டுல சின்னப் பொண்ணுங்க வேன்ல வருதுங்க, ஆறு மாசம், அப்புறம் பிரேக் குடுத்து நிறுத்திடுவாங்க. பழைய ஆள எடுத்தா பர்மனென்ட்டு, சர்வீஸு, எல்லாம் பேஜாரு."

போனை வைத்துப் பத்து நிமிடத்தில் ஒரு போட்டோ அனுப்பினான். ஸ்டிச்சிங் பிரிவின் சுவர். பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, என் சீட்டு. ஓரம் பழுத்திருந்தது. கீழே என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

டெம்ப்ரரி என்றார்கள். டெம்ப்ரரிக்கு யாராவது பிளாஸ்டிக் உறை போடுவார்களா?

மந்தம் முடிந்த பிறகும் வேலை ஏன் திரும்பவில்லை என்று பேப்பரில் பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். ஒருவர், ஆட்களின் படிப்பு வேலைக்குப் பொருந்தவில்லை என்கிறார், இன்னொருவர் மெஷின் வந்துவிட்டது என்கிறார். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரு சுவர் அளவுதான். எங்கள் கம்பெனியில் வேலை திரும்ப வந்துவிட்டது, ஆட்கள்தான் திரும்பவில்லை. அவசரத்துக்கு இறுக்கிய பெல்ட்டை அவசரம் போன பிறகும் யாரும் தளர்த்தவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரின் வேலையை இருபத்தெட்டு பேர் முதுகு சுமக்கிறது. வெளியே இருக்கிறவளுக்கு வேலை இல்லை, உள்ளே இருக்கிறவளுக்குக் கழிவறைக்குப் போக நேரம் இல்லை.

முழுப்பழியையும் ஆம்பூர் மேல் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. என் இன்றைய கம்பெனி முன்பெல்லாம் ஆறு மாத ஆர்டரை ஒரே கையெழுத்தில் கொடுக்கும். மந்தத்துக்குப் பிறகு ஆறு வார ஆர்டர்தான், அதையும் பாதியில் குறைப்போம். ஏன் என்றால் கடைக்காரன் எங்களுக்கு உறுதி தருவதில்லை. கடைக்கு வருகிறவன் பழைய ஷூவையே இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைக்கிறான், அவன் கையிலும் என்னைப் போல ஒரு கடிதம் இருக்கும். நாளைக்கு ஆர்டர் இருக்குமா என்று தெரியாத முதலாளி இன்றைக்கு ஆளைச் சேர்க்கப் பயப்படுகிறான். இப்படி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். அந்த ஜாக்கிரதைக்கெல்லாம் சேர்த்துப் பேரணாம்பட்டில் என் அக்கா காத்திருக்கிறாள்.

ஒரே மாதிரி மந்தம்தான். இங்கே எனக்கு அரசாங்கம் ஈடு கட்டுகிறது, நாளைக்குத் தேவைப்படுகிற ஆள் என்று பக்குவமாகச் சொல்கிறார்கள். என்னைவிட நூறு மடங்கு கைத்திறம் உள்ளவளை அங்கே மிச்சம் என்று ஒதுக்கி வைத்தார்கள். நிலா சொன்ன அர்த்தம்தான் சரி. எங்கள் கம்பெனியில் நாங்கள் எல்லோரும் தெரியாமல் சரியான ஜெர்மன் பேசியிருக்கிறோம்.

5

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மேலே எழுதியதெல்லாம் வெறும் புலம்பல்.

அந்தக் கடிதம் வருவதற்கு முந்தைய ஞாயிறு அக்கா ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். குடியாத்தத்தில் மாமா வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், லுங்கி மூட்டவும் நைட்டி தைக்கவும் புதிதாக மெஷின்கள் போட்டிருக்கிறார்கள். அந்த முதலாளி அம்மா இவள் தையலைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். வயது பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பர்மனென்ட் வேலை, மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு. ஒன்றாம் தேதிக்குள் பதில் வேண்டும். அக்கா இரண்டு மனதாக இருந்தாள். நான் வழக்கம்போல, ஆறு வருடம் பொறுத்தாயிற்று, சர்வீஸை விட்டுவிடாதே, யோசித்துச் செய் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அன்வரின் போட்டோ வந்தது வியாழக்கிழமை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு போன் போட்டேன். நிலாவின் நீச்சல் பதக்கத்தைக் காட்டினேன். இங்கே குளிர் என்றேன், அங்கே வெயிலா என்றேன். சொல்லவில்லை. மனைவியிடம் கேட்டபோது, சொல்லத்தான் வேண்டும், ஆனால் நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நேரம் அளக்கிறவனுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரைதான். என் கையெழுத்தை அக்கா பார்ப்பாளே என்ற ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆறு நாள் எடுத்துக்கொண்டேன். ஒன்றாம் தேதி போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சொன்னேன். அங்கே மத்தியானம். அக்கா முறத்தை மடியில் வைத்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள், போன் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சீட்டைப் பற்றி, இருபத்தெட்டைப் பற்றி, அது இன்னும் சுவரில் இருப்பதைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். கூப்பிட மாட்டார்கள் அக்கா என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்த சீட்டு நீ போட்டதா?"

"ஆமாக்கா."

"என் பேரு அதுல இல்லாதது உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

வெட்டிய இலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு கேட்டாள், சத்தம் கூட்டாமல்தான் கேட்டாள். "கூப்புட மாட்டாங்கன்றது உனக்கு எப்பத் தெரிஞ்சிது?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்றால் அவள் நம்பியிருப்பாள், நான் எது சொன்னாலும் நம்புகிறவள். "பத்து நாளாச்சு" என்றேன்.

விரலை மடக்கி எண்ணினாள். அதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாந்தேதிக்கு முன்னாடியே தெரியும்."

நான் தலையை ஆட்டினேன்.

"செவ்வாக்கெழம அந்தம்மா மறுபடி ஆள் அனுப்பிச்சாங்க மொரளி. எங்க தம்பி வெளிநாட்ல அந்த ஷூ வாங்குற கம்பெனிலயே இருக்கான், அவனுக்குத் தெரியாததா, கூப்புடுவாங்கன்றான், அதனால வரலன்னு சொல்லி அனுப்பிச்சேன். கம்பெனிக்காரன் சொன்னத நான் என்னிக்கோ விட்டுட்டேன்டா. நீ சொன்னதத்தான் புடிச்சிகினு இருந்தேன்."

நான் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். பணம் அனுப்புகிறேன், அந்த அம்மாவிடம் நானே பேசுகிறேன், அடுத்த விடுமுறைக்கு வருகிறேன். அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். முகம் மிக அருகில் வந்தது.

"நீ இனிமே போன் பண்ணாத. நானே கூப்புடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

6

அந்த ஞாயிற்றையும் சேர்த்தால், இதை எழுதும் இன்று நான்காவது ஞாயிறு. மனம் கேட்காமல் போன வாரம் மாமாவுக்குப் போன் போட்டேன். லுங்கி மூட்டும் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். அக்கா நேரில் போய்க் கேட்டதற்கு, மடித்துக் கட்டும் வேலை இருக்கிறது, தினக்கூலி என்றார்களாம். போகிறாள். பதினாலு வருடம் இரட்டைத் தையல் போட்டவள் குடியாத்தத்தில் லுங்கி மடிக்கிறாள். மாமா இந்தத் தடவை கிண்டல் ஏதும் பேசவில்லை.

அவள் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். வீடியோவில் பேசும் போனை அணைத்து வைத்திருக்கிறாள். கம்பெனிக்காக ஆறு வருடம் உயிரோடு வைத்திருந்த அந்தப் பழைய நம்பருக்கும் அடித்தேன். அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னது. புது நம்பர் வாங்கியிருக்கிறாள் என்றும், என்னிடம் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்றும் மாமா சொன்னார். எப்போது பேசுவாள் என்று கேட்டேன். அவர் "கூப்புடுவா மாப்ள, இரு" என்றார்.

நிலா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். ஏன் அப்பா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டாள். அத்தை கூப்பிடுவாள் என்று தமிழில் சொன்னேன். எத்தனை மணிக்கு என்றாள்.

தெரியவில்லை. நான் ரெஸ்ட்டில் இருக்கிறேன்.